பிக்கப் வண்டிக்குப் பெரிய சக்கரம் வேண்டுமா?

மாட்டு வண்டியின் சக்கரம் பெரிதாக இருத்தல் நன்று என்பது நம் நாட்டு உழவரும் தச்சரும் நெடுங்காலப் பழக்கத்தால் கண்ட உண்மையாகும். நான்கடி, ஐந்தடி விட்டமுள்ள சக்கரம் சிறு பள்ளங்களில் விழாமல் கடந்துவிடும்; கல் குறுக்கிட்டால் எளிதில் ஏறி இறங்கும்; அச்சில் உண்டாகும் உராய்வையும் நெம்புகோல் போல் நின்று வெல்லும். இந்த அனுபவ அறிவுதான் இன்று பொருந்தாத இடத்தில் உபயோகிக்கப்பட்டு வருகிறது. கிராமப் பணிக்குச் செல்லும் பிக்கப் வண்டிகளிலும் ஜீப்புகளிலும், உற்பத்தியாளர் அளித்த சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பருத்த டயர்களைப் பூட்டிக்கொள்வதில் பலருக்கு ஆர்வம் மிகுந்துள்ளது. வண்டி உயர்ந்து கம்பீரமாகத் தோன்றுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயின், தோற்றத்திற்காகச் செலுத்தும் விலை டயர்க் கடையின் ரசீதோடு முடிவதில்லை.

மாடு வண்டியை வெளியிலிருந்து இழுக்கிறது. சக்கரம் தானாக உருளுகிறது. மோட்டார் வண்டியிலோ இயந்திரம் சக்கரத்தை நடுவிலிருந்து திருகுகிறது. திருகும் முறுக்கு விசையைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் வருவதே தரையைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை முன்னே செலுத்தும் விசை. எனவே இயந்திரமும் கியரும் மாறாதிருக்க, ஆரம் பெருகினால் விசை குறைந்தே தீரும். ஒரே தண்டில் சிறிதும் பெரிதுமாக இரண்டு வட்டுகளைப் பொருத்தி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் நூல் சுற்றி, ஒரே எடையுள்ள கல்லைத் தொங்கவிட்டுத் தண்டைத் திருகச் சொன்னால், பள்ளி மாணவனும் பெரிய வட்டில் கை நோவதை உடனே உணர்வான். ஒரே பொருள் இழுக்கப்படும்போது நண்பனாகவும் திருகப்படும்போது சுமையாகவும் ஆகிறது. ஆசிரியர்கள் பௌதிக வகுப்பில் எடுத்துக்காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைக் கொண்டே இழப்பைக் கணக்கிடலாம். 215/75 ஆர் 15 என்னும் அளவு நம் நாட்டில் மிகுதியாக ஓடும் ஒன்று. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு பக்கச் சுவரின் உயரம். அதாவது 161 மி.மீ. சற்று அதிகம். ஆர் என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 381 மி.மீ. ஆகும். ரிம்மோடு மேலும் கீழும் உள்ள சுவர்களைக் கூட்டினால் முழு விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ. ஆகிறது. இதற்கு மாற்றாகச் சிலர் விரும்பி வாங்குவது 31 அங்குல டயர். அதன் விட்டம் 787 மி.மீ. வித்தியாசம் நூற்றுக்குப் பன்னிரண்டு. சிறு தொகையாகத்தான் தோன்றும்.

அந்தப் பன்னிரண்டு செய்யும் வேலையைப் பார்ப்போம். ஏற்றத்தில் சக்கரம் தள்ளும் விசை நூற்றுக்கு ஏறக்குறைய 11 பங்கு குறைகிறது. முன்பு இரண்டாம் கியரில் ஏறிய மலைப்பாதையில் முதல் கியருக்கு இறங்க நேரும்; பாரத்தோடு நின்று புறப்படும்போது கிளட்ச் தேயும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். கீழ்க் கியரில் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் மலைப்பாதையில் ஓட்டுநருக்கு உற்ற துணை. பெரிய சக்கரம் அதையும் தளர்த்திவிடுகிறது. பிரேக்கின் செய்தியும் அவ்வாறே. பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுவில். வண்டியை நிறுத்தும் விசை பிறப்பதோ டயரின் விளிம்பில்.

இதனோடு வேகமானியின் பிழையும் சேர்கிறது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைத்தான் அது அறியும். ஒரு சுற்றில் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பதை அறியாது. பழைய டயருக்குச் சரியாக இருந்த வேகமானி 60 கி.மீ. காட்டும்போது வண்டியின் உண்மை வேகம் 67 கி.மீ. ஆக இருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் நிறுத்தப்பட வேண்டிய ஆற்றல் கால் பங்கு கூடிவிட்டது. குறைந்த பிரேக் விசையையும் சேர்த்துக் கணக்கிட்டால், மிதியை முன்போலவே அழுத்தும் ஓட்டுநருக்கு வண்டி நிற்கப் பிடிக்கும் தூரம் ஐந்தில் இரண்டு பங்கு நீளும். பள்ளிக்கூட வாசலில் குழந்தை குறுக்கே ஓடிவரும் நேரத்தில் இந்தத் தூரத்தின் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. உற்பத்தியாளர்கள் வேகமானியைச் சற்றே கூட்டிக் காட்டுமாறு அமைப்பது வழக்கம். பெரிய டயர் அந்தக் காப்பை விழுங்கிவிடுகிறது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியது பயணப் பதிவேடு. உண்மையில் 1,000 கி.மீ. ஓடிய வண்டி 893 கி.மீ. ஓடியதாகவே காட்டும். லிட்டருக்கு 12 கி.மீ. ஓடும் வண்டி, டீசல் செலவு சிறிதும் கூடாதிருந்தாலும், பதிவேட்டில் 10.7 கி.மீ. ஓடுவதாகத் தெரியும். தணிக்கையாளரின் கண்ணில் இது படும்போது பழி எங்கே போய் விழும்? டயரைத் தேர்ந்தெடுத்தவர் மீதன்று. டீசல் நிரப்பிய ஓட்டுநர் மீதே. இயந்திர எண்ணெயும் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றப்பட்டதாக ஏட்டில் இருக்கும். உண்மையில் அது 11,000 கி.மீ.யைத் தாண்டி உழைத்திருக்கும்.

பெரிய டயரினால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. அச்சுப் பெட்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. எவ்வளவு? விட்டத்தின் மிகுதியில் பாதி, அதாவது 42 மி.மீ. ஆழ்ந்த வண்டித்தடங்களும் கற்கள் நிறைந்த ஆற்றுப்படுகையும் அன்றாட வழியாக உள்ள இடங்களில் இது மெய்யான உதவிதான். ஆனால் வண்டியின் புவியீர்ப்பு மையமும் அதே அளவு உயர்ந்து, வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது. அத்தகைய இடங்களுக்கென்றே வாங்கும் வண்டியானால், சக்கரத்திற்கு ஏற்பப் பின்னச்சின் பல்சக்கர விகிதத்தையும் அமைத்து உற்பத்தியாளரே விற்கும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது முறை.

சேற்றுக்கும் மணலுக்கும் பருத்த டயர் வேண்டும் என்னும் வாதம் பாதிதான் சரி. தார்ப் பாலைவனம் போன்ற மணற்பாங்கில் வேண்டுவது அகன்ற தொடுபரப்பு. உள்ள டயரிலேயே காற்றழுத்தத்தை அளவோடு குறைத்தால் தொடுபரப்பு நீண்டு அந்தப் பயன் கிட்டும். கெட்டிச் சாலையை அடைந்ததும் மீண்டும் காற்றடைக்க மறத்தல் கூடாது. குறைந்த அழுத்தத்தில் விரைந்தோடும் டயர் சூடேறி வெடிக்கும். அடியில் கெட்டித் தரையுள்ள சேற்றிலோ குறுகிய டயரே சேற்றைக் கிழித்துச் சென்று பிடி கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் எல்லா நிலங்களிலும் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16, அகலம் ஆறங்குலமே.

மொத்த விட்டத்தை மாற்றாமல், ரிம்மை மட்டும் பெரிதாக்கி மெல்லிய பக்கச் சுவருள்ள டயரைப் பூட்டுவது வேறொரு நாகரிகம். அதில் வேகமானி பிழைபடாது. ஆனால் குழியில் விழும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை குறைந்துவிடுகிறது. ரிம் நெளிந்து போகிறது. நம் கிராமச் சாலைகளுக்கு இது சற்றும் ஏற்றதன்று.

சட்டத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. உற்பத்தியாளரே அனுமதித்த மாற்று அளவுகள் கையேட்டில் காணப்படும். பல வண்டிகளில் ஓட்டுநரின் கதவருகே ஒட்டிய தகட்டிலும் உண்டு. அந்த எல்லைக்குள் நின்று, பாரக் குறியீடு குறையாத டயரைத் தேடுவதே தக்கது. குறியீடு 100 என்றால் ஒரு டயர் தாங்கும் பாரம் 800 கிலோ. டயர் பருத்ததனால் மட்டும் வண்டியின் சுமைத்திறன் கூடிவிடாது. வில்லும் அச்சும் பழையவையே அல்லவா? பொத்தான் தேய்ந்த டயருக்குப் பெரிய அளவு பரிகாரமுமன்று. பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் அதே அளவில் புது டயர் வாங்குவதுதான் வழி.

ஏற்கெனவே பெரிய சக்கரம் பூட்டிவிட்ட வண்டியை உடனே மாற்ற இயலாத அலுவலகங்களும் இருக்கும். அங்கே டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, வண்டியை ஐந்து சுற்று நேராக உருட்டி, தூரத்தை நாடாவால் அளக்கலாம். பழைய அளவு டயருள்ள வண்டியையும் அவ்வாறே அளந்து இரண்டின் விகிதத்தைக் காணவேண்டும். மேற்கூறிய உதாரணத்தில் அது 1.12 அளவில் வரும். அந்த எண்ணைப் பதிவேட்டின் முதற்பக்கத்திலும் வேகமானியின் அருகிலும் எழுதி ஒட்டி, காட்டும் தூரத்தையும் வேகத்தையும் அதனால் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவினதா என்று அன்றே பார்த்துவிடுவது நல்லது. நான்கு சக்கரத்தை மாற்றியவர்கள் ஐந்தாவதை மறந்திருப்பது அடிக்கடி காணும் காட்சி.