காக்பிட் என்ன ஹால் ஷோகேஸா?

நம்ம வீட்டு ஹால் ஷோகேஸ்ல டிவி நடுநாயகமா உட்கார்ந்திருக்கும். மிச்சதெல்லாம் கிடைச்ச இடுக்குல. கிளைடர் ஓட்டுற பல பேர் இன்ஸ்ட்ருமென்ட் பேனலையும் இப்படித்தான் அடுக்குறாங்க மக்களே! காசு கொட்டி வாங்கின கலர் மேப் உச்சியில, நட்டநடுவுல. வேகமானி எங்கேன்னா, "கீழ ஓரமா இருக்கே"ங்கிற பதில். சுத்த அபத்தம்.

கிளைடர் பேனல்ங்கிறது 80 மி.மீ., 57 மி.மீ. வட்ட ஓட்டைகள் போட்ட சின்னப் பலகை. ஐரோப்பாவோட சிஎஸ்-22 விதிப்படி வேகமானியும் உயரமானியும் கட்டாயம். எஞ்சின் விமானங்கள்ல இருக்கிற 'டி' வடிவ வரிசை மாதிரி இங்க ஒண்ணும் கிடையாது. அதனால ஆளாளுக்கு ஒரு ரசனை.

என் கட்சி இதுதான். மோசமான பத்து வினாடியை நினைச்சு பேனலை அடுக்குங்க. வின்ச் இழுத்து மேல போறப்ப கேபிள் அறுந்தா மூக்கு வானத்தைப் பார்த்து நிக்கும், வேகம் மளமளன்னு குறையும். மூக்கைத் தாழ்த்தி, வேகம் திரும்பிடுச்சான்னு பார்த்த பிறகுதான் மத்தது எல்லாம். அந்த நேரத்துல மேப்பை வெச்சு என்ன பண்றது? வேகமானிதான் உச்சியில இருக்கணும்.

"மேப்லயே வேகம் வருதே"ம்பாங்க. அய்யா, ஜிபிஎஸ் சொல்றது தரை வேகம். இறக்கையைத் தாங்குறது காற்று வேகம். பின்காற்று 30 கி.மீ. அடிச்சா ஜிபிஎஸ் 100னு காட்டும், இறக்கைக்குக் கிடைக்கிறது 70தான். பேட்டரி செத்தா அதுவும் போச்சு. முள்ளு வெச்ச வேகமானிக்குக் காத்து போதும், கரண்ட் வேணாம்.

மோதல் எச்சரிக்கை தர்ற ஃப்ளார்ம் 2004ல சுவிட்சர்லாந்துல வந்தது. அதோட டிஸ்பிளேயும் பார்வைக் கோட்டை ஒட்டி மேலயே இருக்கட்டும். ஏறுறோமா இறங்குறோமான்னு சொல்ற வேரியோமீட்டருக்குச் சத்தம் உண்டு. காது அதைப் பார்த்துக்கும், கண்ணு வெளிய இருக்கட்டும். அந்த ஸ்பீக்கர் காந்தத்தை காம்பஸ் பக்கத்துல வைக்காதீங்க. அப்புறம் வலது கையில ஸ்டிக், இடது கையில ஏர்பிரேக். ரேடியோ குமிழை வலது ஓரத்துல வெச்சா ஒவ்வொரு தடவையும் கை மாத்தணும்.

"நல்ல பைலட்டுக்கு எது எங்க இருந்தா என்ன?" இது அடுத்த வசனம். ஆபீஸ்ல 'யூசர் எர்ரர்'னு எழுதி பக்கை மூடுற அதே புத்தி! ரெண்டாம் உலகப்போர்ல பி-17 பைலட்டுகள் இறங்கின பிறகு ஃப்ளாப்புக்குப் பதிலா சக்கரத்தை மடக்கினாங்க. அவங்க முட்டாள் இல்ல. ஒரே மாதிரி ரெண்டு சுவிட்ச் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. அல்போன்ஸ் சபானிஸ்ங்கிற உளவியலாளர்தான் இதைக் கண்டுபிடிச்சு, கைப்பிடிகளுக்கு வேற வேற உருவம் கொடுக்கச் சொன்னார். மாத்த வேண்டியது ஆளை இல்ல, அடுக்கை.

மேப் வேணாம்னு நான் சொல்லல. 500 கி.மீ. பறக்குறவங்களுக்கு அது வேணும்தான். கீழ வைங்க, போதும். கிளப் கிளைடர்கள் எல்லாத்துலயும் ஒரே வரிசையா வைங்க, கத்துக்கிற பசங்க பாவம்.

இருக்கிறதுலயே சரியான இடத்துல இருக்கிற கருவி எது தெரியுமா? கேனப்பி கண்ணாடிக்கு வெளிய, நேர் பார்வையில ஒட்டின துண்டு கம்பளி நூல். விமானம் பக்கவாட்டுல சறுக்கினா உடனே காட்டிக் கொடுத்துடும். அதுக்கு பேட்டரியும் இல்ல, அப்டேட்டும் இல்ல :-)