ஊர் பேருலேயே காடு இருக்கு பாஸ்!

திருவேற்காடுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கருமாரியம்மன் கோயில், ஆடி மாசக் கூட்டம், கூழ்... அப்புறம் மூக்கைப் பொத்திக்கிட்டு பாலத்தைக் கடக்க வைக்கிற நம்ம கூவம்!

இப்போ ஊர் பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. வேல் + காடு = வேற்காடு. அதாவது, வேல மரக் காடு. நாலு வேதங்களும் வேல மரங்களா நின்ன இடம்னு வேதபுரீஸ்வரர் கோயில் தலபுராணம் சொல்லுது. அங்கே தலவிருட்சமே வெள்வேல மரம்தான். ஆக, ஆத்தங்கரையில காடு வளர்க்கிறது இந்த ஊருக்குப் புது மேட்டரே இல்லை.

ஆனா, எந்த மரம்கிறதுலதான் விஷயமே இருக்கு. பேர்ல 'வேலம்' இருக்கேன்னு சீமைக்கருவேலத்தைச் சொந்தக்காரனா நினைச்சுடாதீங்க. அது அமெரிக்கக் கண்டத்துல இருந்து 19-ம் நூற்றாண்டுல வந்த விருந்தாளி. வந்தவர், வீட்டையே எழுதி வாங்கிட்டார்! தமிழ்நாட்டு ஏரி, ஆத்தங்கரை எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுட்டதால, இந்த மாதிரி அந்நியத் தாவரங்களை அகற்றுறதுக்குன்னே 2022-ல் அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது.

சரி, சாதாரண ஜனங்களால காடு வளர்க்க முடியுமா? கோட்டூர்புரம் போய்ப் பாருங்க. அடையாற்றுக் கரையில, குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித்துறை இடத்துல 2006-ல் 'நிழல்' அமைப்பு ஆரம்பிச்சதுதான் அங்கே இருக்கிற மரப் பூங்கா. வாலன்டியர்கள் வந்து குப்பையை அள்ளி, நம்ம மண்ணு மரங்களா நட்டாங்க. நட்டதோட போயிடாம, திரும்பத் திரும்ப வந்தாங்க. சீக்ரெட் அவ்வளவுதான்!

கூவத்துக்கும் அரசுத் திட்டம் இருக்கு. பருத்திப்பட்டு தடுப்பணையில இருந்து முகத்துவாரம் வரைக்கும் 32 கிலோமீட்டர். திருவேற்காடும் இதுக்குள்ளதான் வருது. கரையில மரம் நடுறதும் அதுல ஒரு வேலை. ஆனா, ரெண்டு விஷயத்தை மறந்துடக் கூடாது. ஒண்ணு, கழிவுநீர்க் குழாயை அடைக்காம ஆயிரம் மரம் நட்டாலும் தண்ணி சுத்தமாகாது. ரெண்டாவது, இதே திட்டத்துக்காகக் கரையில குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை பெரும்பாக்கம் மாதிரி தூரத்து இடங்களுக்கு அனுப்பினாங்க. வேலை, பசங்க ஸ்கூல் எல்லாம் இங்கே, வீடு மட்டும் அங்கே! 'ஆத்தை மீட்டுட்டோம்'னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி அவங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

களத்துல இறங்க நினைக்கிற என்.எஸ்.எஸ். பசங்களுக்கு சில டிப்ஸ்:

* ஆத்துக்குள்ளே நடாதீங்க, கரையில நடுங்க. வெள்ளம் போக வழி வேணும். 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கில்ல? நடுறதுக்கு முன்னாடி நீர்வளத்துறை, நகராட்சிகிட்டே அனுமதி வாங்கிடுங்க.

* நீர்மருது, புங்கம், நாவல், பூவரசு, நொச்சி, வெள்வேலம்னு கலந்து நடுங்க. ஜப்பான் தாவரவியலாளர் அகிரா மியாவாகி சொன்ன ரூட்டும் இதான்: உள்ளூர் ரகங்களை ஒரு சதுர மீட்டருக்கு மூணு, நாலு கன்றுன்னு நெருக்கமா நட்டா, ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு மேலே வளரும்.

* ஆடி, ஆவணியில குழியெடுத்து வைங்க. வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கும்.

ரொம்ப முக்கியமானது இதுதான். மழைக்காலத்துல கன்று நட நூறு பேர் வருவாங்க. மே மாசம்? எக்ஸாம் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போயிருப்பீங்க. அந்த வெயில்லதான் கன்றுகள் செத்துப் போகுது. ரெண்டு, மூணு வருஷம் தண்ணி ஊத்தினாதான் அது சொந்தக் கால்ல நிக்கும். அதனால முதல்ல ஒரு லிஸ்ட் போடுங்க. லோக்கல் டே ஸ்காலர் யாரு, கோடையில முறை வெச்சு வரப்போறது யாரு, நீங்க ஃபைனல் இயர் முடிச்சுப் போகும்போது குடத்தை வாங்கிக்கப் போற ஜூனியர் யாரு? இதுக்குப் பேர் கிடைச்ச பிறகு மண்வெட்டியை எடுங்க.

என்ன ஃப்ரெண்ட்ஸ், மே மாசத்துக்கு யார் யார் ரெடி?