திங்கட்கிழமை நோட்டீஸ் கொடுக்கிறோம்



மருத்துவமனை நிர்வாகத்தோடு நடந்த ஆறாவது சுற்றுப் பேச்சுவார்த்தையும் நேற்றோடு முடிந்தது. சம்பளத்தில் சில நூறு ரூபாய் ஏற்றத் தயார் என்கிறார்கள். எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்றால் மட்டும் கோப்பை மூடிவிடுகிறார்கள். இப்போதைய ஒப்பந்தம் முடிய இருபதே நாள் இருக்கிறது.

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர். இது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. நம் இரண்டாம் மாடியில் நைட் டியூட்டிக்கு 18 கட்டில்களுக்கு ஒரே சிஸ்டர். ஒரு கட்டிலில் டிரிப் தீர்கிறது, அடுத்ததில் மூச்சுத் திணறல், மூன்றாவது நோயாளியின் மகன் கவுண்டரில் நின்று கத்துகிறான். விடிந்ததும் சார்ட் எழுதவில்லை என்று மெமோ வருவதும் அவளுக்குத்தான்.

சம்பளத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன நிபுணர் குழு, 200 கட்டிலுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தரவேண்டும் என்றது. 50 கட்டிலுக்குக் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரை தானாக அமலாகவில்லை. கேரளச் செவிலியர்கள் தெருவில் இறங்கினார்கள். 2018 ஏப்ரலில் அந்த மாநில அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. நம் பக்கத்துக் கட்டிலில் ஊசி போடும் கேரளச் சகோதரியைக் கேளுங்கள், அந்த நாட்களைச் சொல்வாள்.

நம் மாநிலத்திலும் முன்னோடிகள் உண்டு. 2017 நவம்பரில் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்த அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தை நிறைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததும் போராட்டத்தைக் கைவிட நேர்ந்தது. அவர்களின் துணிச்சலில் குறையில்லை. சட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை நாம் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

ஆகவே கவனியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையும் கூடாது. எல்லோரும் கேஷுவல் லீவு போட்டுவிடலாம் என்று சில வார்டுகளில் பேச்சு அடிபடுகிறது; வேண்டாம். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு எடுத்தாலே அதுவும் வேலைநிறுத்தம்தான் என்கிறது இந்தச் சட்டம். நோட்டீஸ் இல்லாமல் அதைச் செய்தால் நாமே அவர்கள் கையில் கத்தியைக் கொடுத்தவர்கள் ஆவோம். ஒப்பந்தம் முடிந்த மறுநாளே தயாராக நிற்க வேண்டுமானால், வரும் திங்கட்கிழமை நோட்டீஸ் போயாக வேண்டும்.

‘நோயாளியை விட்டுவிட்டுப் போவீர்களா?’ இதைத்தான் கேட்பார்கள். நம்மில் பலரைத் தூங்கவிடாத கேள்வியும் இதுதான். அவசரப் பிரிவு, ஐசியூ, பிரசவ அறை, டயாலிசிஸ் நான்கிலும் ஆள் நிற்கும். அந்த டியூட்டிப் பட்டியலை நம் கமிட்டியே போடும். நோட்டீஸோடு சேர்த்தே கொடுப்போம். 18 பேரை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு வீட்டில் தூங்குகிறவர்கள் நமக்கு மனசாட்சி சொல்லித்தர வேண்டாம்.

பாண்டு போட்டு ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்ட இளம் சகோதரிகள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவர்களைக் கோழை என்று யாரும் சொல்லக் கூடாது. வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் அந்தச் சம்பளத்தில் தொங்குகின்றன. போராட்ட நிதி அவர்களுக்காகத்தான். சீனியர்கள் ஒரு நாள் சம்பளத்தை இந்த வாரமே போடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாயிற்கூட்டம். நைட் டியூட்டி முடிப்பவர்களுக்குச் சனி காலை எட்டரைக்கு. இரண்டு கூட்டத்திலும் ரகசிய வாக்கெடுப்பு உண்டு. தனியாக வராதீர்கள். உங்கள் வார்டில் இதுவரை யாரும் பேசிப் பார்க்காத ஒருவரைக் கையோடு அழைத்து வாருங்கள்.