நாலு மி.மீ. நகர்த்தினால் போதும்... லேத்தில் பிறக்கும் பூல் ஸ்டிக்!

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் போனால் இரண்டு உலகங்களைப் பார்க்கலாம். மெயின் ரோட்டு மாடிகளில் காலேஜ் பசங்க பூல் ஆடும் பார்லர்கள். உள் தெருக்களில் புஷ், புல்லி, பம்ப் ஷாஃப்ட் என்று கடைந்து தரும் லேத் பட்டறைகள். மாடியில் ஆடுபவர் கையில் இருக்கும் அந்தக் குச்சியை, கீழே இருக்கும் லேத்திலேயே கடைய முடியுமா?

முடியும். ஆனால், இரும்பை நேராகக் கடைவதற்காகவே செய்யப்பட்ட இயந்திரத்தை, வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவரவும் வேண்டும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

நம்ம ஊருக்கும் சொந்தம்

குச்சியும் பந்துமாக ஆடும் விளையாட்டு எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தான். 1875-ல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அதை உருவாக்கினார். 1882-ல் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். 1958-ல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டம் வென்றவர் நம் வில்சன் ஜோன்ஸ்.

ஆனால், ஸ்னூக்கர் குச்சி வேறு, பூல் குச்சி வேறு. ஸ்னூக்கர் குச்சி பெரும்பாலும் ஆஷ் மரம். முனை 9 முதல் 10 மி.மீ. அதைக் கையால் இழைத்து இழைத்துச் செய்வதுதான் பாரம்பரியம். பூல் குச்சிக்கு மேப்பிள் மரம். முனை 12 முதல் 13 மி.மீ. மொத்த நீளம் சுமார் 58 அங்குலம். நடுவில் கழற்றி மாட்டும்படி இரண்டு பாதி. சர்வதேசப் போட்டி விதிப்படி முனை 14 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. எடை 25 அவுன்ஸ், அதாவது சுமார் 709 கிராமுக்கு மேல் போகக் கூடாது. லேத்துக்குத் தோதானது இந்த பூல் குச்சிதான்.

கணக்கு ரொம்ப சுலபம்

முன்பாதியை எடுத்துக்கொள்வோம். நீளம் 29 அங்குலம், சுமார் 737 மி.மீ. முனையில் 13 மி.மீ., இணைப்பில் 21 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 8 மி.மீ. குச்சி இரண்டு பக்கமும் சமமாகச் சிறுக்க வேண்டும் என்பதால், அதில் பாதிதான் கணக்கு. டெயில் ஸ்டாக்கை 4 மி.மீ. நம் பக்கமாக நகர்த்தினால், டெயில் ஸ்டாக் பக்கம் மெலிந்து வரும். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர்களுக்கு இது பழைய பாடம்தான்.

கோணமாகச் சொன்னால் இது மூன்றில் ஒரு பங்கு டிகிரிகூட இல்லை. கடிகாரத்தின் நிமிட முள் மூன்று விநாடியில் எவ்வளவு நகருமோ, அவ்வளவுதான்! அதனால்தான் கண்ணளவில் வைக்கவே கூடாது. டூல் போஸ்ட்டில் டயல் கேஜை மாட்டி, டெயில் ஸ்டாக்கைத் தொடவைத்து, சரியாக 4 மி.மீ. பார்த்து நகர்த்த வேண்டும்.

கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்

ஒன்று, லேத்தின் நீளம். பெட் ஆறடி, நாலரை அடி என்று சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டு சென்டருக்கும் நடுவில் 30 அங்குலமாவது கிடைக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

இரண்டு, குச்சியைப் பிடிக்கும் விதம். ஒரு முனையைச் சக்கில் இறுக்கிக் கடித்துவிட்டு, மறுமுனையை 4 மி.மீ. நகர்த்தினால் குச்சி வளையும். இரண்டு முனையும் சென்டரில்தான் நிற்க வேண்டும். கேரியர் மாட்டித்தான் சுழற்ற வேண்டும்.

மூன்று, எல்லாக் குச்சிகளையும் ஒரே நீளத்தில் வெட்டிக்கொள்வது. டெயில் ஸ்டாக்கைத் தொடாவிட்டாலும், குச்சியின் நீளம் மாறினால் டேப்பரும் மாறிவிடும்.

மரம் இரும்பு இல்லை

இரும்பு கடைந்தே பழகியவர்களுக்குச் சோதனை இங்கேதான். 13 மி.மீ. கனத்துக்கு 737 மி.மீ. நீளம் என்றால், கனத்தைப்போல 56 மடங்கு நீளம். டூல் பட்டதும் குச்சி நடுவில் பின்வாங்கும். டூல் கடந்துபோனதும் திரும்ப வரும். விளைவு, நடுவில் தொப்பை!

கண்டுபிடிப்பது எளிது. மேலே சொன்ன கணக்குப்படி நேர்நடுவில் 17 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியரில் அதற்கு மேல் காட்டினால் குச்சி வளைந்து தப்பியிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் ஸ்டெடி வைத்துத் தாங்க வேண்டும். அல்லது நிலையான டூலுக்குப் பதிலாக, நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும் சின்ன மரவேலை ரூட்டரை கிராஸ் ஸ்லைடில் பொருத்தலாம். வெட்டும் பல் வேகமாகச் சுழலும், குச்சி மெதுவாகச் சுழலும். தள்ளும் விசை குறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். பல பூல் குச்சிகளில் முனையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அங்குலம் வரை கனம் கிட்டத்தட்ட மாறாது. அதன் பிறகுதான் பெருக்கும். டெயில் ஸ்டாக்கை நகர்த்தினால் நேர்க்கூம்புதான் கிடைக்கும், இந்த வடிவம் வராது. அதற்கு, வேண்டிய வடிவில் செய்த ஒரு பட்டையை லேத்தின் பின்புறம் பொருத்தி, அதை உரசியபடியே ரூட்டர் போகும்படி அமைக்க வேண்டும். பட்டையின் வடிவம் அப்படியே குச்சியில் இறங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பொறுமை. நார் நேராக ஓடும் மரமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் இறுதி அளவுக்குக் கடையாதீர்கள். ஒவ்வொரு முறை தோல் சீவும்போதும் மரத்துக்குள் இருக்கும் இழுவிசை மாறும். குச்சி லேசாகத் திரும்பும். கொஞ்சம் கடைவது, சில வாரம் செங்குத்தாகத் தொங்கவிடுவது, மீண்டும் கொஞ்சம் கடைவது என்றுதான் நல்ல கியூ தயாரிப்பவர்கள் செய்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் சென்னைக் காற்றின் ஈரத்தை நினைத்துப் பாருங்கள். அவசரப்பட்டால் குச்சி வளைந்து பல்லிளிக்கும்.

உடம்பும் முக்கியம் பாஸ்!

கையுறை, தொங்கும் துணி, கழுத்துச் செயின், விரித்த கூந்தல் எதுவும் லேத் பக்கத்தில் வேண்டாம். ஸ்பிண்டிலின் பின்பக்கம் மெல்லிய குச்சி தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தால், சுழலும்போது சாட்டைபோல அடிக்கும். மாஸ்க் கட்டாயம். மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. லேத்துக்கும் தூள் ஆகாது. பெட்டில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே அப்பிக்கிடக்கும், துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்துப் புது எண்ணெய் விடுங்கள்.

திருப்பி வைத்தீர்களா?

பூல் குச்சி ஆசைக்குச் செய்வது. பட்டறைக்குச் சோறு போடுவது நேராகக் கடையும் வேலை. டெயில் ஸ்டாக்கைச் சரியாகத் திருப்பி வைக்காமல் போனால், மறுநாள் காலையில் கடையும் பம்ப் ஷாஃப்ட்டும் டேப்பராகத்தான் வரும். நாலு மி.மீ. தவறு கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது, "ஏறக்குறைய சரியா வெச்சாச்சு" என்று விட்டுவிடும் அந்தக் கால்வாசி மி.மீ.தான். பேரிங் உட்காராது, ஷாஃப்ட் திரும்பி வரும், இரும்புக் காசும் கூலியும் போகும்.

அதனால், கோட்டைப் பார்த்து மட்டும் திருப்பி வைக்காதீர்கள். ஒரு வேஸ்ட் இரும்புக் கம்பியை இரண்டு சென்டருக்கும் நடுவில் மாட்டுங்கள். டூலை நகர்த்தாமல் அதன் இரண்டு முனையிலும் லேசாக ஒரே வெட்டு. மைக்ரோமீட்டரில் இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை டெயில் ஸ்டாக்கைத் தட்டித் தட்டிச் சரிசெய்யுங்கள். பத்து நிமிட வேலை. அதை முடித்துவிட்டுக் கடையைச் சாத்துங்கள். குச்சி அதுபாட்டுக்குத் தொங்கட்டும்!