பிஸ்டாக் சர்வர்: முதல் பாடம் எங்கே?

பிஸ்டாக் சர்வர் கற்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "இன்டர்நெட்டில் எல்லாம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்." இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாம் பாடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. முதல் பாடம் காணோம் என்பதுதான் என் புகார்.

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். இன்ஜினியரிங் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் காரணம் புரியும். "இன்டக்ரேஷன் கோர்ஸ் சேர்ந்தால் வேலை நிச்சயம்" என்று யாராவது வந்து சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் முன் அது என்ன சரக்கு என்று தெரிந்திருக்க வேண்டாமா?

வேர்ட், எக்ஸெல் எல்லாம் நம் கண்முன் திரையில் வேலை செய்பவை. பிஸ்டாக் அப்படி அல்ல. கரூரில் ஒருவர் போர்வை தயாரித்து அமெரிக்கக் கடை ஒன்றுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையின் கம்ப்யூட்டர் ஆர்டரை எக்ஸ்12 என்ற வடிவில் அனுப்புகிறது. அந்த முறையில் ஆர்டருக்கு 850, பில்லுக்கு 810 என்று எண்ணே உண்டு. கரூரில் உள்ள கணக்கு சாப்ட்வேருக்கோ அந்த வடிவம் புரியாது. நடுவில் நின்று ஆர்டரை வாங்கி, மொழிபெயர்த்து, சேர வேண்டிய இடத்தில் சேர்க்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள்தான் பிஸ்டாக் போன்ற சர்வர் சாப்ட்வேர். மைக்ரோசாப்ட் இதை முதலில் 2000-ல் வெளியிட்டது. ஐ.பி.எம்., டிப்கோ போன்ற நிறுவனங்களிடமும் இதே வேலைக்கான சாப்ட்வேர்கள் உண்டு.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் புதியவர்களை ஓட ஓட விரட்டுகிறது? என் கணிப்பில் முதல் குற்றவாளி சொற்கள். பாடத்தில் "மெசேஜ்பாக்ஸ்" என்று வருகிறது. அது என்ன என்று தேடினால், விஷுவல் பேசிக் புரோகிராமில் "ஓகே", "கேன்சல்" பட்டன்களுடன் தோன்றும் சிறு கட்டம் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. பிஸ்டாக்கில் மெசேஜ்பாக்ஸ் என்பது எஸ்.க்யூ.எல். சர்வரில் இருக்கும் ஒரு டேட்டாபேஸ். வந்து சேரும் செய்திகள் எல்லாம் அதில்தான் தங்குகின்றன. "போர்ட்" என்று தேடினால் நெட்வொர்க் போர்ட் எண்கள் வரும். இங்கே போர்ட் என்றால் செய்தி உள்ளே வரும் வாசல் அல்லது வெளியே போகும் வாசல். "ஸ்கீமா" என்றால் டேட்டாபேஸ்காரர்களுக்கு ஒன்று, இங்கே வேறு ஒன்று. "ஆர்கெஸ்ட்ரேஷன்" என்று இன்று தேடினால் குபர்நெட்டிஸ் வந்து நிற்கும். தெருப் பெயர் ஒன்றுதான், ஊர்கள் வேறு. அகராதி கையில் தராமல் ஊருக்குள் அனுப்பினால் புதியவர் என்ன செய்வார்?

அடுத்தது பதிப்புக் குழப்பம். 2000, 2002 பதிப்புகளில் ஆர்கெஸ்ட்ரேஷன் வரைய விசியோவைப் பயன்படுத்தினார்கள். 2004 பதிப்பை டாட்நெட் மீது புதிதாகக் கட்டினார்கள்; வரையும் வேலை விஷுவல் ஸ்டுடியோவுக்கு மாறியது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 2002 பதிப்புக்கான புத்தகத்தை வாங்கினால் காசு தண்டம். 2006-க்கு எழுதிய நல்ல புத்தகம் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை.

பிஸ்டாக்கை இன்ஸ்டால் செய்ய விண்டோஸ், எஸ்.க்யூ.எல். சர்வர், விஷுவல் ஸ்டுடியோ எல்லாம் வேண்டும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். முதல் மாதத்துக்கு இது எதுவுமே வேண்டாம் என்பது என் கட்சி. நோட்பேடைத் திறந்து கீழே உள்ளதை டைப் செய்யுங்கள்.

<ஆர்டர்>
<பொருள்>போர்வை</பொருள்>
<எண்ணிக்கை>40</எண்ணிக்கை>
</ஆர்டர்>

ஆம், எக்ஸ்.எம்.எல். டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்! சேவ் செய்யும்போது "ஆல் பைல்ஸ்" என்பதையும், யு.டி.எப்.-8 என்பதையும் தேர்வு செய்திடவும். பைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எக்ஸ், எம், எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்திடவும். பிறகு பைலை பிரவுசருக்குள் இழுத்துப் போடுங்கள். ஆர்டர் மரக்கிளை போல விரியும். இப்போது ஏதாவது ஒரு மூடும் டேக்கை அழித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். எந்த வரியில் தவறு என்று பிரவுசர் சொல்லிவிடும். இந்த ஆர்டரில் என்னென்ன இருக்க வேண்டும், எண்ணிக்கை என்பது எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதினால் அதுதான் ஸ்கீமா. ஆர்டரை பில்லாக மாற்ற விதி எழுதினால் அது மேப். இவை இரண்டும் புரிந்தவருக்கு பிஸ்டாக்கில் பாதிப் பயம் போய்விடும். பைசா செலவில்லை.

அதன் பிறகு மைக்ரோசாப்டின் பயிற்சிப் பக்கங்களுக்குப் போகலாம். பிஸ்டாக்குடன் வரும் எஸ்.டி.கே. போல்டரில் "ஹலோ வேர்ல்ட்" என்ற மாதிரி இருக்கிறது. ஆர்டர் பைலை எடுத்து பில் பைலாக மாற்றிக் கொடுக்கும். இங்கேதான் புதியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரு போல்டரில் பைலைப் போட்டதும் அது மாயமாக மறைந்துவிடும். அடுத்த போல்டரில் ஒன்றும் வராது. பைல் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிஸ்டாக் அதை எடுத்து மெசேஜ்பாக்ஸில் போட்டுவிட்டது. "எனக்கு வேண்டும்" என்று பதிவு செய்தவர் யாரும் இல்லாததால் செய்தி அங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். நிர்வாகத் திரையில் தேடினால் கிடைக்கும். முதல் நாளே சொல்லித் தர வேண்டிய விஷயம் இது. பல வகுப்புகளில் எந்த பட்டனை எங்கே கிளிக் செய்வது என்று சொல்லித் தருகிறார்களே தவிர, இதைச் சொல்வதில்லை.

கோர்ஸில் சேர்ந்தே தீருவேன் என்பவர்கள் பணம் கட்டும் முன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "இரவு இரண்டு மணிக்கு ஆர்டர் வருகிறது. அதை வாங்க வேண்டிய கம்ப்யூட்டர் ஆப் ஆகிக் கிடக்கிறது. ஆர்டர் என்ன ஆகும்?" நல்ல ஆசிரியர் உடனே பலகையில் படம் போடுவார். செய்தி டேட்டாபேஸில் காத்திருக்கும். வெளிவாசல் திரும்பத் திரும்ப முயலும். நாம் மாற்றாவிட்டால் 5 நிமிட இடைவெளியில் 3 முறை முயலும். அப்படியும் போகாவிட்டால் வேறு வழியும் காட்டி வைக்கலாம் என்பார். "அதெல்லாம் அட்வான்ஸ்ட் கோர்ஸில் வரும்" என்றால் நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிஸ்டாக் 2020-தான் கடைசிப் பதிப்பு என்று மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது. முழு ஆதரவு 2028 ஏப்ரல் வரை, நீட்டித்த ஆதரவு 2030 ஏப்ரல் வரை. எனவே பிஸ்டாக்கை மட்டும் நம்பிப் பெரும் பணம் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மைக்ரோசாப்ட் கைகாட்டும் அடுத்த இடம் அஸ்யூர் லாஜிக் ஆப்ஸ். பிஸ்டாக்கில் ஓடிக்கொண்டிருப்பதை அங்கே மாற்றும் வேலைக்குப் பழையதும் புதியதும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருக்கும். பிஸ்டாக்கில் எழுதிய ஸ்கீமாவையும் மேப்பையும் லாஜிக் ஆப்ஸ் ஏற்றுக்கொள்கிறது. நோட்பேடில் செலவழித்த அந்த முதல் மாதம் அங்கேயும் செல்லும்.