வீடு முழுக்க மங்கல் பச்சை - என் கண்டனங்கள்

முதல்லயே சொல்லிடறேன், இது யார் மனசையும் புண்படுத்த எழுதினது இல்ல. இப்படிச் சொல்லிட்டு புண்படுத்தறதுதான் நம்ம பதிவுலக மரபு. அதனால தாராளமா புண்படலாம். :-)

சமீபத்துல அடுத்தடுத்து நாலு கிரகப்பிரவேசம் போக வேண்டி வந்துச்சு. நாலுமே என்னை மாதிரி பொட்டி தட்டற பசங்க வீடு. நாலு வீட்லயும் ஹால் பச்சை, பெட்ரூம் பச்சை, சமையல்கட்டு அலமாரி பச்சை, பாத்ரூம் கதவு பச்சை. பச்சைன்னா கிளிப்பச்சை இல்லீங்க. துவைச்சுத் துவைச்சு வெளுத்துப் போன கைலியில மிச்சம் ஒட்டிட்டு இருக்குமே, அந்தப் பச்சை. சாம்பலைக் கலந்து அடிச்ச பச்சை. சேஜ் கிரீன்னு பேரு. சேஜ்ங்கறது ஒரு மூலிகை. அதை இந்த நாலு பேர்ல ஒருத்தன் கூட கண்ணால பார்த்ததில்ல, நானும்தான்.

"ஏன்டா எல்லாரும் ஒரே கலரு?"ன்னு கேட்டா, "எனக்குப் பிடிச்சிருந்துச்சு மச்சி"ங்கறான். நாலு பேரும் தனித்தனியா இதையேதான் சொன்னானுங்க.

பிடிச்சதா, பிடிக்க வெச்சதா? 2022க்கு 'ஆண்டின் நிறம்'னு அமெரிக்க பெயிண்ட் கம்பெனிங்க என்னத்த அறிவிச்சாங்கன்னு பாருங்க. ஷெர்வின் வில்லியம்ஸ் 'எவர்கிரீன் ஃபாக்', பெஞ்சமின் மூர் 'அக்டோபர் மிஸ்ட்', பிபிஜி 'ஆலிவ் ஸ்ப்ரிக்', பேர் 'ப்ரீஸ்வே'. பேருதான் வேற வேற, எல்லாமே பச்சையோட ஒண்ணுவிட்ட சொந்தம். அங்க பனிமூட்டத்துக்கும் அக்டோபர் மாசத்துக்கும் பேர் வெச்ச கலரை, கத்திரி வெயில் அடிக்கற ஊர்ல நாம பூசிக்கிட்டு 'என் ரசனை'ன்னு மார் தட்டறோம்.

சரி, இவங்க சொல்ற காரணங்களுக்கு வருவோம்.

காரணம் 1: "பச்சை மனசுக்கு அமைதி தரும்."

சுவத்துக்குப் பச்சைங்கறது இன்னிக்கு நேத்து வந்த கதை இல்ல. 1914ல சான் பிரான்சிஸ்கோவுல ஹாரி ஷெர்மன்னு ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். ஆபரேஷன் தியேட்டர் முழுக்க வெள்ளையா இருந்தது அவருக்குக் கண்ணைக் கூசிச்சு. ரத்தத்தோட சிவப்பையே உத்துப் பார்த்துட்டு நிமிர்ந்தா வெள்ளைச் சுவர் கண்ணை உறுத்தும். சிவப்புக்கு நேரெதிர் நிறம் பச்சை. அதனால தியேட்டருக்குக் கீரைப்பச்சை அடிச்சார். அப்புறம் ஃபேபர் பிர்ரன்னு ஒரு நிற ஆலோசகர் வந்தார். ஆஸ்பத்திரி, தொழிற்சாலைன்னு எல்லாத்துக்கும் வெளிர்பச்சையைப் பரிந்துரைச்சார். கண்ணு களைச்சுப் போகாம வேலை நடக்கணுங்கறதுதான் நோக்கம்.

அருமையான காரணம்தான், நான் மறுக்கல. ஆனா உங்க ஹால்ல யாருக்கு ஆபரேஷன் நடக்குது? ரத்தம் பார்க்கிற டாக்டருக்கும் ஷிஃப்ட்ல நிக்கற தொழிலாளிக்கும் கண்டுபிடிச்ச கலரை, இட்லி சாப்பிடற இடத்துல அடிச்சுட்டு 'அமைதி'ங்கறோம். நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு பேர் எப்பவோ இருந்துச்சு. கவருமெண்டு ஆஸ்பத்திரிப் பச்சை. அதுல கொஞ்சம் சாம்பலைக் கலந்து இங்கிலீஷ்ல பேர் வெச்சதும் ஸ்கொயர் ஃபீட்டுக்கு ரேட்டு ஏறிடுச்சு.

காரணம் 2: "வீடு பூரா ஒரே கலர் அடிச்சா பெருசாத் தெரியும்."

பாதி உண்மை. சின்ன ஃபிளாட்ல வெள்ளையோ வெளிர் நிறமோ தொடர்ச்சியா அடிச்சா அப்படித் தெரியும். ஆனா பெயிண்ட் கார்டுல எல்.ஆர்.வி.ன்னு ஒரு எண் போட்டிருக்கும், பார்த்திருக்கீங்களா? சுவத்துல விழற வெளிச்சத்துல எத்தனை சதவீதம் திரும்பி வருதுங்கற கணக்கு அது. நல்ல வெள்ளைன்னா 80க்கு மேல. மேல சொன்ன எவர்கிரீன் ஃபாகுக்கு 30. அதாவது விழுந்த வெளிச்சத்துல முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட சுவரே தின்னுடும். வெயிலுக்கு பயந்து சின்னச் சின்ன ஜன்னல் வெச்ச நம்ம வீட்ல இதை அடிச்சா பட்டப்பகல்ல லைட் போடணும்.

லைட் போட்டா அடுத்த கூத்து. இந்த மாதிரி சாயம் கம்மியான நிறமெல்லாம் விளக்குக்கு விளக்கு கட்சி மாறும். வெள்ளை டியூப்லைட்ல சாம்பலாகும், மஞ்சள் எல்.இ.டி.யில காக்கியாகும். கடையில பார்த்த கலர், வீட்ல பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கேட்டா 'மூடு லைட்டிங்'காம்.

காரணம் 3 அவங்க சொல்றது இல்ல, நான் சொல்றது. இதுக்காகத்தான் இந்தப் பதிவே.

ஈரோடு பக்கம் எங்க வீடு. அப்பா சேர்த்து வெச்சுக் கட்டினது. ஹால் கிளிப்பச்சை, அம்மாவோட சமையல்கட்டு மஞ்சள், பின்னாடி ரூம் ரோஸ். ஹால்ல இருந்து பின்கட்டுக்கு ஒரு படி இறங்கணும். அந்தப் படி விளிம்புல சிவப்பு பெயிண்ட் ஒரு பட்டை. அக்கா கல்யாணத்துக்கு 2023ல வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும்னப்ப, காசு நான்தான் கொடுத்தேன். கலரும் நான்தான் சொன்னேன்.

ஆமாங்க. நானேதான். இந்தக் கூட்டத்துல அஞ்சாவது ஆளு.

"ஏங்கண்ணு, சமையல்கட்டு மட்டும் மஞ்சளா இருக்கட்டுமே"ன்னு அம்மா கேட்டாங்க. "அம்மா, உங்களுக்குத் தெரியாது, இதெல்லாம் ஒரே ஃப்ளோவா வரணும்"னேன். பெயிண்டர் அண்ணன் கூட, "தம்பி, படிக்காவது சிவப்பை விட்டுருலாமுங்க"ன்னார். அவரையும் கேக்கல. சுவர், கதவு, படி எல்லாம் ஒரே மங்கல் பச்சை. போட்டோவுல அட்டகாசமா இருந்துச்சு. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன்.

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம். ராத்திரி அம்மாயி பாத்ரூம் போக எந்திரிச்சு, சுவத்தைத் தடவிக்கிட்டே நின்னாங்க. "கதவு எங்க சாமி போச்சு?"ன்னாங்க. நான் சிரிச்சேன். அடுத்த வாரம் அப்பா அந்தப் படி தெரியாம கால் வெச்சு விழுந்தார். மணிக்கட்டுல மாவுக்கட்டு, ஆறு வாரம். இருபது வருசமா தினமும் இறங்கின படி அது.

அப்புறம் உக்காந்து படிச்சேன். வயசாக ஆகக் கண்ணு லென்ஸ் மஞ்சளாகும், புரை விழும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மங்கல் நிறங்களைப் பிரிச்சுப் பார்க்கறது கஷ்டமாகும். அதனாலதான் பிரிட்டன்ல கட்டட வழிகாட்டு நெறிகள்ல சுவருக்கும் கதவுக்கும் நடுவுல எல்.ஆர்.வி. 30 புள்ளியாவது வித்தியாசம் இருக்கணும்னு வெச்சிருக்காங்க. நான் வெச்சிருந்தது பூஜ்யம். பெயிண்டர் அண்ணன் இந்த நெறியெல்லாம் படிச்சதில்ல. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இஞ்சினியரிங் படிச்ச எனக்குத் தெரியல.

நான் 'கண்ணைக் குத்துது'ன்னு சொன்ன அந்தக் கலருங்க எல்லாம் அந்த வீட்டுக்கு ஒரு வரைபடம் மாதிரி. மஞ்சள்னா சமையல்கட்டு, ரோஸ்னா பின்ரூம், சிவப்புன்னா பார்த்து இறங்கு. நான் அதை அழிச்சுட்டேன்.

இப்போ கடைசி விஷயம். ஊர்ல யாராவது வீட்டுக்கு ரோஸ், ஊதா, கிளிப்பச்சை அடிச்சா நாம என்ன சொல்றோம்? "பஞ்சுமிட்டாய் கலரு", "ராமராஜன் சட்டை". இதே ரோஸை மெக்சிகோவுல லூயிஸ் பர்ரகான் தன் வீட்டுச் சுவத்துக்கு அடிச்சா கட்டடக்கலை. 1948ல கட்டின அந்த வீட்டை 2004ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாவே அறிவிச்சுடுச்சு. இத்தாலியில புரானோ தீவுக்கு டிக்கெட் போட்டுப் போய் கலர் கலர் வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறோம். அதே கலரை சொந்த ஊர்ல மேஸ்திரி ஒருத்தர் ஆசையா அடிச்சா மட்டும் பட்டிக்காடு. அப்போ நமக்குப் பிரச்சினை கலர் இல்ல, அதை அடிச்சவன் யாருங்கறதுதான். மங்கல் பச்சை நமக்கு ரசனை இல்லீங்க, 'நான் அந்தக் கூட்டம் இல்ல'ன்னு சுவத்துல ஒட்டற நோட்டீஸ்.

பச்சை மேல எனக்குக் கோவம் இல்ல. ரெட் ஆக்சைடு தரை இருக்கிற ஒரு ரூம்ல, நல்ல வெளிச்சத்துல, மரக்கதவுக்குப் பக்கத்துல இதே பச்சை அவ்ளோ அழகா இருக்கும். ஒரு ரூம். முழு வீடு இல்ல. உப்பு நல்லதுன்னு பாயசத்துலயும் போடுவோமா?

2024 பொங்கலுக்கு அம்மா சமையல்கட்டை மறுபடி மஞ்சளாக்கிட்டாங்க. என்னைக் கேக்கல. கதவெல்லாம் காப்பிக்கொட்டைக் கலர் ஆயாச்சு. படிக்கு சிவப்பை நானே உக்காந்து அடிச்சேன், கோணலாத்தான் வந்துச்சு. அப்பா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு சாயங்காலம் கீழ பார்க்காமலே இறங்கிப் போனார்.

டிஸ்கி: வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போறவங்க, கலர் கார்டை எடுத்துக்கிட்டு முதல்ல வீட்ல வயசுல மூத்தவங்ககிட்ட போங்க. 'பச்சைதான் பெஸ்ட்'டுன்னு பின்னூட்டத்துல சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம். வரும்போது உங்க வீட்டுப் படியோட கலரையும் சொல்லிடுங்க.