காதொலிக் கருவியும் நமது கூச்சமும்

ஒரு பெண்மணியின் கூச்சத்தைப் போக்குவதற்காகச் செவிடரைப் போல் நடித்தவர் ஹாத்திம் அல்-அஸம் (ரஹ்) அவர்கள். ‘அஸம்’ என்றால் செவிடர். இன்று நம் பெரியவர்களோ கேட்காததைக் கேட்டது போல் நடிக்கின்றனர். அசோக் நகரில் ஜும்ஆ முடிந்து வந்த முதியவர் ஒருவரிடம் பயான் குறித்து வினவினேன். புன்னகைத்துத் தலையசைத்தார், ஒரு சொல்லும் அவர் செவியில் விழவில்லை எனப் புரிந்தது.

இந்தக் கூச்சமே கருவி வாங்கும்போதும் வழி தவறச் செய்கிறது. காதுத் துளைக்குள் மறையும் சிறு கருவியையே பலர் தேடுகின்றனர். நடுங்கும் விரல்களால் அதன் பேட்டரியை மாற்றுவது கடினம். உளூவின்போது காதுகளுக்கு மஸஹ் செய்ய ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றவும் வேண்டும். ஈரம் கருவிக்குப் பகை. காதின் பின்புறம் அணியும் கருவி கையாள எளிது. கடுமையான செவிக்குறைவுக்கும் ஏற்றது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சில வேளை குரும்பி அடைப்பே காரணமாக இருக்கலாம். பின்னர் ஆடியோகிராம் பரிசோதனை செய்து, அதன்படி கருவியைப் பொருத்துங்கள். வசதியற்றோர் தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையை அணுகலாம். தகுதியுடையோருக்குக் கருவி இலவசமாக வழங்கப்படுகிறது.

மூக்குக் கண்ணாடிக்கு இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் ஏன்? பார்வையைப் போலவே செவியும் அல்லாஹ் தந்த அமானிதம் அன்றோ!